மூன்று சொல் சோதனை: ஸ்கேன் பக்கங்களை வேர்டில் திருத்த நான் பயன்படுத்திப் பார்த்த கருவிகள்

ஒரு நீர்ப்பம்பின் ஆங்கிலப் பராமரிப்புக் கையேடு, 46 பக்கம். மூலக் கோப்பு யாரிடமும் இல்லை. கையில் இருந்த ஒரே அச்சுப் பிரதியை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக அனுப்பியிருந்தார்கள். தமிழில் வேண்டும், பார்ப்பதற்குப் பக்கம் அப்படியே இருக்க வேண்டும், பிறகு எங்கள் ஆட்களே வேர்டில் திருத்திக்கொள்ளும்படியும் இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் எவ்வளவு வேலை என்று தெரியும்.

அவசரத்தில் ஓர் இணைய மாற்றுச் சேவையில் கோப்பை ஏற்றினேன். சில நிமிடங்களில் வேர்டு கோப்பு கிடைத்தது. ஸ்கேனையும் அதையும் அருகருகே வைத்துப் பார்த்தேன், ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. எச்சரிக்கைப் பெட்டி, செய்தித்தாள்போல் அருகருகே இரண்டு பத்திகளாக ஓடும் உரை, பக்க எண் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. நிம்மதியாக வேலையைத் தொடங்கினேன். முதல் பக்கத்தில் ஒரு வாக்கியத்தின் நடுவே மூன்று சொல் சேர்த்தேன். வரியின் கடைசிச் சொல் காணாமல் போனது. அடுத்த வரிக்கு அது இறங்கவில்லை. இறங்க வழியும் இல்லை, ஏனென்றால் ஒவ்வொரு வரியும் ஒரு தனி உரைப்பெட்டிக்குள் அடைபட்டிருந்தது. அடுத்த பக்கத்தைப் பார்த்தேன், அதற்கடுத்த பக்கத்தைப் பார்த்தேன், 46 பக்கமும் அப்படித்தான்.

அந்த நாள் முழுவதும் வீண். வாடிக்கையாளரின் கோப்பை அவர்களிடம் கேட்காமல் ஒரு வெளிச் சேவையில் ஏற்றியதும் தவறுதான், அதை இப்போது செய்வதில்லை. ஆனால் அன்றைக்கு ஒரு பழக்கம் வந்தது. எந்தக் கருவி மாற்றிக் கொடுத்தாலும் முதலில் அதன் அழகைப் பார்ப்பதில்லை. ஒரு பாராவின் நடுவில் மூன்று சொல் சேர்ப்பேன். ஓர் அட்டவணையில் ஒரு வரிசை கூட்டுவேன். பிறகு முழுக் கோப்பையும் தேர்ந்தெடுத்து எழுத்தளவை ஒரு புள்ளி (பாயிண்ட்) ஏற்றுவேன். இந்த மூன்றையும் செய்த பிறகும் பக்கம் குலையாமல் இருந்தால்தான் அமைப்பு காப்பாற்றப்பட்டது என்று அர்த்தம். திறந்தவுடன் ஒன்றுபோல் தெரிவது வெறும் படம். தொட்ட பிறகும் நிற்பதுதான் ஆவணம். கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு அளவுகோலை வைத்துத்தான்.

கருவிகளுக்குப் போகும் முன், இது ஏன் இவ்வளவு கடினம் என்று சொல்லிவிடுகிறேன். இது புரிந்தால் கருவியில் எந்தத் தேர்வை எடுப்பது என்பதும் தானாகப் புரியும்.

ஸ்கேன் என்பது ஒரு படம். ஏ4 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அடர்த்தியில் ஸ்கேன் செய்தால் 2480 க்கு 3508 புள்ளிகள் கிடைக்கும். அதில் எழுத்து என்று ஒன்றும் கிடையாது, கறுப்பும் வெள்ளையும்தான். எழுத்துணரி, அதாவது ஓசிஆர், அந்தக் கறுப்பில் எழுத்தைக் கண்டுபிடித்து, இந்தச் சொல் இடமிருந்து இவ்வளவு தூரத்தில், மேலிருந்து இவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளும். பிடிஎஃப் கோப்பும் ஏறக்குறைய இப்படித்தான் யோசிக்கிறது. ஒவ்வொரு எழுத்தையும் ஓர் இடத்தில் ஆணியடித்து வைக்கும். வேர்டு அப்படி இல்லை. அதற்குப் பாரா தெரியும், ஓரம் தெரியும், எழுத்தளவு தெரியும். வரி எங்கே முறிய வேண்டும் என்பதை ஒவ்வொரு முறையும் தானே கணக்குப் போட்டு உரையை ஓட விடும். ஆணியடித்த எழுத்துகளை ஓடும் உரையாக மாற்ற வேண்டுமென்றால் யாராவது ஊகித்தாக வேண்டும். இந்த வரி முந்தைய வரியின் தொடர்ச்சியா, புதுப் பாராவா? இந்த இடைவெளி டேபா, அட்டவணையின் நெடுவரிசையா, பக்கத்தின் இரண்டாவது பத்தியா? ஊகிக்க விரும்பாத கருவி எல்லாவற்றையும் பெட்டிக்குள் போட்டு அதே இடத்தில் ஒட்டிவிடும். எனக்கு நடந்தது அதுதான்.

இப்போது நான் பெரும்பாலும் நம்புவது ஆபி நிறுவனத்தின் ஃபைன்ரீடரை. 1993 இல் தொடங்கிய எழுத்துணரி மென்பொருள். எழுத்தைச் சரியாக அறிகிறது என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. வேர்டு கோப்பாகச் சேமிக்கும்போது, பக்க அமைப்பை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்து வைக்கட்டும் என்று நம்மைக் கேட்கிறதே, அதற்காக. நான்கு தேர்வுகள் உண்டு. தமிழில் சொன்னால்: அப்படியே நகல், திருத்தத்தக்க நகல், வடிவோடு கூடிய உரை, வெறும் உரை.

பெயரைக் கேட்டவுடன் எல்லோருடைய கையும் ‘அப்படியே நகல்’ பக்கம்தான் போகும். பக்க அமைப்பு போகக்கூடாது என்றுதானே இங்கே வந்தோம். ஆனால் திருத்தம் செய்யப்போகிறவர்கள் எடுக்கக்கூடாதது அதுதான். அந்தத் தேர்வில் உரையை மாற்றும் வசதி குறையும் என்று ஃபைன்ரீடரின் உதவிப் பக்கமே தெளிவாகச் சொல்கிறது. ஒரு விளம்பரக் கையேட்டில் தேதி மட்டும் மாற்ற வேண்டும், ஒரு தொலைபேசி எண் மட்டும் மாற வேண்டும் என்றால் அது போதும். முழுப் பக்கத்தையும் வேறு மொழிக்குக் கொண்டு போகிறவர்களுக்கு அது உதவாது.

‘திருத்தத்தக்க நகல்’ தான் எனக்கு வேலை செய்தது. ஸ்கேனோடு ஒப்பிட்டால் சின்னச் சின்ன நகர்வு தெரியும். ஒரு தலைப்பு இரண்டு மில்லிமீட்டர் கீழே இருக்கும், ஒரு வரி வேறு இடத்தில் முறியும். ஆனால் மூன்று சொல் சேர்த்தால் வரி இறங்குகிறது, பாரா வளர்கிறது, கீழே இருப்பது தள்ளிப் போகிறது. பத்திகள் வேர்டின் உண்மையான பத்திகளாக வருகின்றன. அட்டவணைகள் உண்மையான அட்டவணைகளாக வருகின்றன, வரிசை கூட்டினால் கூடுகிறது. 46 பக்கத்தில் 40 பக்கத்தை இப்படித்தான் எடுத்தேன். உத்தரவாத நிபந்தனைகள் இருந்த 4 பக்கம் வெறும் உரைநடை என்பதால் அவற்றுக்கு ‘வடிவோடு கூடிய உரை’ போதுமானதாக இருந்தது. அது எழுத்துரு, எழுத்தளவு, பாரா ஆகியவற்றை வைத்துக்கொண்டு இடநிலையை விட்டுவிடும். ஓரத்தையும் இடைவெளியையும் நாமே அமைத்துக்கொள்ளலாம், உண்மையில் அதுதான் சுத்தமான கோப்பு. மீதி 2 பக்கத்தைக் கையால் கட்டினேன், அதைப் பின்னால் சொல்கிறேன்.

சேமிப்பதற்கு முந்தைய கட்டம் ஒன்று இருக்கிறது. பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஃபைன்ரீடரின் எழுத்துணரித் திருத்தியில் பக்கத்தைத் திறந்தால், எது உரை, எது அட்டவணை, எது படம், எது பின்னணிப் படம் என்று கட்டம் போட்டுக் காட்டும். அந்தக் கட்டங்களை நாமே அழிக்கலாம், வரையலாம், வகை மாற்றலாம். சாம்பல் நிறப் பின்னணியில் அச்சான எச்சரிக்கைப் பெட்டி, கோடு போடாத அட்டவணை, படத்தைச் சுற்றி வளைந்து ஓடும் உரை போன்ற இடங்களில் எந்த எழுத்துணரியும் தடுமாறும். கையேட்டில் ஒவ்வொரு எச்சரிக்கைப் பெட்டியிலும் ஒரு முக்கோணக் குறி இருந்தது. முக்கோணத்துக்கு மட்டும் படக் கட்டம், எழுத்துக்கு உரைக் கட்டம் என்று பிரித்தேன். உதிரி பாகப் பட்டியலில் செங்குத்துக் கோடு இல்லை, இடைவெளியால் மட்டுமே பிரித்திருந்தார்கள். அங்கே அட்டவணைக் கட்டம் போட்டு, உள்ளே நெடுவரிசைப் பிரிப்புகளை நானே வரைந்தேன். 46 பக்கத்துக்கும் இதைச் செய்ய ஒரு மாலை முழுதும் ஆயிற்று. அந்த மாலையைச் செலவழிக்காமல் இருந்திருந்தால் வேர்டில் மூன்று நாள் உட்கார்ந்திருப்பேன்.

ஹெடர், ஃபுட்டர், பக்க எண்ணை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கும் தேர்வையும் கவனியுங்கள். அது சரியாக அமைந்தால் மேலே வரும் அத்தியாயப் பெயரும் கீழே வரும் எண்ணும் ஹெடர், ஃபுட்டருக்குள் போய் உட்காரும். இல்லையென்றால் அவை உடல் உரையோடு கலந்துவிடும். தமிழ் உரை நீண்டு பக்கம் நகர்ந்த பிறகு, ‘17’ என்ற எண் ஒரு வாக்கியத்தின் நடுவில் வந்து நிற்கும். வரி முறிவுகளை அப்படியே வைக்கும் தேர்வையும் எடுத்துவிட வேண்டும். மொழி மாறும்போது பழைய வரி முறிவுக்கு ஒரு பயனும் இல்லை.

மற்ற வழிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லோரும் இதற்காக ஒரு மென்பொருளைக் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள், வாங்கவும் தேவையில்லை.

வேர்டு 2013 பதிப்பிலிருந்து பிடிஎஃப் கோப்பை நேரடியாகத் திறக்கும். திறக்கும்போதே, மாற்றிய கோப்பு மூலத்தைப் போலவே இருக்கும் என்று சொல்ல முடியாது, படங்கள் நிறைய இருந்தால் வேறுபாடு கூடும் என்று அறிவித்துவிட்டுத்தான் திறக்கிறது. அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். பெரும்பாலும் உரையாக இருக்கும் ஆவணங்களுக்கே இந்த வசதி ஏற்றது என்று மைக்ரோசாஃப்டும் சொல்கிறது. கணினியிலேயே தயாரித்து பிடிஎஃப் ஆகச் சேமித்த ஒப்பந்தம், கடிதம், அறிக்கை போன்றவற்றுக்கு நான் வேறு கருவியைத் தேடுவதே இல்லை, வேர்டிலேயே திறந்துவிடுவேன். பாராக்கள் நன்றாக ஓடுகின்றன, மூன்று சொல் சோதனையில் தேறுகின்றன. ஸ்கேன் செய்த படத்துக்கு முதல் வழியாக அதை எடுப்பதில்லை. ஒரு கோப்பு எந்த வகை என்று தெரிய வேண்டுமானால், பிடிஎஃப் வாசிப்பானில் ஒரு சொல்லின் மேல் சுட்டியை இழுத்துப் பாருங்கள். சொல் தேர்வானால் உள்ளே எழுத்து இருக்கிறது. பக்கம் முழுவதும் ஒரே படமாகத் தேர்வானால் எழுத்துணரி வேண்டும்.

கூகுள் டிரைவில் படத்தையோ பிடிஎஃப்பையோ ஏற்றி கூகுள் டாக்ஸில் திற என்று சொன்னால் எழுத்தை எடுத்துக் கொடுக்கும். தமிழும் எடுக்கும். தடித்த எழுத்து, சாய்வெழுத்து, எழுத்தளவு ஆகியவற்றைக் கூடுமானவரை வைத்துக்கொள்ளும். பட்டியல், அட்டவணை, பத்தி, அடிக்குறிப்பு ஆகியவை பெரும்பாலும் பிடிபடாது என்று அவர்களுடைய உதவிப் பக்கமே சொல்கிறது. அதனால் இது அமைப்பைக் காக்கும் கருவி அல்ல. ஆனால் உரை மட்டும் வேண்டும், அமைப்பை நானே போட்டுக்கொள்கிறேன் என்பவர்களுக்கு மிக எளிய வழி இதுதான். ஒரு பக்கக் கடிதத்துக்கு இதைவிட விரைவான வழியை நான் கண்டதில்லை.

இலவச அலுவலக மென்பொருளான லிப்ரே ஆபிஸில் பிடிஎஃப்பைத் திறந்தால் அது உரை எழுதுவதற்கான ரைட்டரில் திறக்காது, வரைபடத்துக்கான டிராவில் திறக்கும். எழுத்து உள்ள பிடிஎஃப் என்றால் வரிகள் தனித்தனிப் பெட்டிகளாக வரும், வெறும் ஸ்கேன் என்றால் படமாக மட்டும் வரும். ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தி மறுபடி பிடிஎஃப் ஆகவே சேமிக்க இது அருமையானது. ஆவணமாக எழுதித் திருத்த இது உருவானதல்ல, எனவே அந்தக் குறையை அதன்மேல் போடக்கூடாது.

டெசராக்ட் பற்றித் தனியாகச் சொல்ல ஆசை. ஹெச்பி நிறுவனத்தில் 1980களில் பிறந்து, 2005 இல் கட்டற்ற மென்பொருளாக வெளிவந்து, பிறகு கூகுளின் ஆதரவோடு வளர்ந்த எழுத்துணரி. 2018 இல் வந்த 4 ஆம் பதிப்பில் நரம்பியல் வலையமைப்பு முறைக்கு மாறியது. தமிழுக்கான மொழித் தரவும் உண்டு, இலவசம், இணையம் வேண்டாம், கோப்பு நம் கணினியை விட்டு வெளியே போகாது. ரகசியமான ஆவணங்களுக்கு இந்த ஒரு குணம் எவ்வளவு பெரியது என்று இத்தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் இது வேர்டு கோப்பு தராது. உரையாகத் தரும், எழுத்தின் இடநிலையைக் குறித்துத் தரும், தேடத்தக்க பிடிஎஃப் ஆகவும் தரும். பக்கத்தை எப்படிப் பிரித்துப் படிக்க வேண்டும் என்று நாம் சொல்லவும் முடியும். பக்கம் முழுவதும் ஒரே சீரான உரைத்தொகுதி என்று சொன்னால் இரண்டு பத்திகளையும் குறுக்கே சேர்த்துப் படித்துவிடும், எனவே இரட்டைப் பத்திப் பக்கத்தை முதலிலேயே இரண்டாக வெட்டிக் கொடுப்பது நல்லது. கட்டளை வரியில் வேலை செய்யப் பழகியவர்களுக்கு இது ஒரு வரம்.

சரி, கருவி எதுவானாலும் ஸ்கேன் மோசமாக இருந்தால் ஒன்றும் நடக்காது. எனக்கு முதலில் வந்த கையேடு 150 புள்ளி அடர்த்தியில் இருந்தது. உதிரி பாகப் பட்டியல் 8 புள்ளி எழுத்தில் அச்சானது. 300 அடர்த்தியில் அந்த எழுத்தளவுக்கு ஏறத்தாழ 33 படப்புள்ளி உயரம் கிடைக்கும், 150 இல் 17 கூட முழுதாக வராது. சிறிய எழுத்தின் உடல் அதிலும் பாதிதான். எண்கள் அதைவிடக் கொஞ்சம் உயரம், ஆனாலும் பன்னிரண்டு புள்ளிக்குள் 6, 8, 3 மூன்றையும் பிரித்தறிய வேண்டும் என்றால் எந்த மென்பொருளும் என்னதான் செய்யும்? சாய்வும் அப்படித்தான். தாள் ஒரே ஒரு டிகிரி சாய்ந்திருந்தால் 210 மில்லிமீட்டர் அகலத்தில் வரியின் ஒரு முனை மறுமுனையைவிட 3.7 மில்லிமீட்டர் ஏறிவிடும், அது கிட்டத்தட்ட ஒரு வரி உயரம். அட்டவணை வரிசைகள் ஒன்றோடொன்று கலப்பது இதனால்தான். வாடிக்கையாளரிடம் இதைச் சொல்லி, 300 அடர்த்தியில், சாம்பல் நிறத்தில், தாளை நேராக வைத்து மறுபடி ஸ்கேன் செய்து தரச் சொன்னேன். தயக்கமில்லாமல் செய்து கொடுத்தார்கள். கேட்பதற்கு நாம்தான் கூச்சப்படுகிறோம்.

எண்கள் விஷயத்தில் எனக்குப் பயம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. 2013 இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மன் கணினி அறிஞர் ஒன்றைக் கண்டுபிடித்து வெளியிட்டார். ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில ஸ்கேனர் நகல் இயந்திரங்கள் ஒரு கட்டட வரைபடத்தில் இருந்த எண்களையே மாற்றிவிட்டிருந்தன. மூன்று அறைகளின் பரப்பு வேறு வேறாக இருக்க, நகலில் மூன்றிலும் 14.13 சதுர மீட்டர் என்றே இருந்தது. கோப்பைச் சிறிதாக்கும் முறை, ஒன்றுபோல் தெரிகிற வடிவங்களை ஒன்றாக்கிச் சேமித்ததுதான் காரணம். நிறுவனம் பிறகு திருத்தம் வெளியிட்டது. அங்கே எழுத்துணரி எதுவும் இல்லை, வெறும் ஸ்கேன். அதற்கு மேல் நாம் எழுத்துணரி, மொழிபெயர்ப்பு என்று இரண்டு படி ஏறுகிறோம்.

பம்புக் கையேட்டில் எந்த போல்ட்டை எவ்வளவு முறுக்கு விசையில் இறுக்க வேண்டும் என்று ஓர் அட்டவணை உண்டு. அங்கே ஒரு 6, 8 ஆக மாறினால் போல்ட் முறியும், அருகில் ஓர் ஆள் நின்றுகொண்டிருப்பார். ஃபைன்ரீடர் தனக்குச் சந்தேகமான எழுத்துகளை நிறமிட்டுக் காட்டி ஒவ்வொன்றாகச் சரிபார்க்க உதவுகிறது. நல்ல வசதி, தவறாமல் பயன்படுத்துகிறேன். ஆனால் சந்தேகமே இல்லாமல் தவறாகப் படித்த எழுத்தை எந்த மென்பொருளும் காட்டித் தராது. அதனால் எண் அட்டவணைகளை மட்டும் என்னோடு வேலை செய்யும் ஒரு தங்கையை உட்கார வைத்து, அவள் ஸ்கேனிலிருந்து உரக்கப் படிக்க, நான் வேர்டில் விரல் வைத்துப் பார்த்தேன். “அக்கா, இந்த இடத்துல 68 ஆ 88 ஆ, எனக்கே தெரியல” என்றாள் ஒரு முறை. வாடிக்கையாளரைக் கூப்பிட்டு அச்சுப் பிரதியைப் பார்த்துச் சொல்லச் சொன்னோம். 68. இரண்டு மணி நேர வேலை, மொத்தக் கையேட்டிலும் நான் மிக நிம்மதியாக உணர்ந்த இரண்டு மணி நேரமும் அதுதான்.

வேர்டுக்கு வந்த பிறகு செய்ய வேண்டிய சுத்தம் தனி. முதலில் கன்ட்ரோல், ஷிஃப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்தி மறைகுறிகளைக் காட்டச் செய்வேன். ஒவ்வொரு வரியின் முடிவிலும் பாரா குறி இருந்தால் அது பாரா அல்ல, வெட்டுண்ட வரி. தேடி மாற்றும் வசதியில் இரட்டைப் பாரா குறிகளை முதலில் வேறெங்கும் வராத ஒரு அடையாளமாக மாற்றி, பிறகு ஒற்றைப் பாரா குறிகளை இடைவெளியாக மாற்றி, கடைசியில் அந்த அடையாளத்தைப் பாரா குறியாகத் திருப்பினால் உரை ஒன்று சேரும். முழுக் கோப்புக்கும் ஒரே நேரத்தில் இதைச் செய்யாதீர்கள், தலைப்புகளும் பட்டியல்களும் உரையில் கரைந்துவிடும். பகுதி பகுதியாகச் செய்யுங்கள்.

அடுத்தது எழுத்திடைவெளி. ஸ்கேனில் இருந்த அகலத்தோடு பொருத்துவதற்காக மாற்றுக் கருவிகள் ஒரு சொல்லுக்குள்ளேயே எழுத்துகளைக் கொஞ்சம் நெருக்கியும் கொஞ்சம் விரித்தும் வைக்கும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மொழிபெயர்ப்பு மென்பொருளில் திறந்தால் சொல்லின் நடுவில் வடிவமைப்பைக் குறிக்கும் குறிச்சொல்லாக (டேக்) வந்து குத்தும். கன்ட்ரோலும் டி-யும் அழுத்தி எழுத்துரு உரையாடலைத் திறந்து, அதன் மேம்பட்ட பகுதியில் அளவை 100 சதவீதம், இடைவெளியையும் நிலையையும் இயல்பு என்று முழுக் கோப்புக்கும் வைத்தால் பெரும்பகுதி போய்விடும். நிறைய ஸ்கேன் வேலை வருகிறவர்கள் டிரான்ஸ்டூல்ஸ் என்ற வேர்டு துணைக்கருவியில் உள்ள ஆவணச் சுத்திகரிப்பைப் பார்க்கலாம். இதே வேலையை இன்னும் பொறுமையாகச் செய்கிறது.

தமிழுக்கு மாற்றுகிறவர்கள் இரண்டு இடங்களைக் கட்டாயம் பார்க்க வேண்டும். வரி இடைவெளி ‘துல்லியமாக’ இத்தனை புள்ளி என்று பூட்டியிருந்தால் ஆங்கிலத்துக்கு ஒன்றும் ஆகாது. தமிழில் மேலே கொக்கியும் கீழே வாலும் உண்டு. ‘கி’யின் தலையும் ‘கூ’வின் வாலும் வெட்டுப்பட்டு நிற்கும். அதை ‘குறைந்தது’ என்று மாற்றிவிடுங்கள். அட்டவணை வரிசையின் உயரமும் அப்படியே. துல்லியமாகப் பூட்டிய வரிசைக்குள் தமிழ் வாக்கியம் இரண்டு வரியானால் இரண்டாம் வரி மறைந்துவிடும், அச்சிலும் வராது. பாதுகாப்பு அறிவுறுத்தலின் பாதி இப்படி மறைந்தால் பிழை திருத்துபவர் கண்ணிலும் படாது. எனவே இந்தக் கட்டத்தில் நான் ஒவ்வொரு அட்டவணையையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்துப் பார்க்கிறேன்.

இவ்வளவும் ஆன பிறகு ஸ்டைல், அதாவது எழுத்துரு, அளவு, இடைவெளி எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பெயரில் வைக்கும் வடிவம். தலைப்புகளுக்குத் தலைப்பு ஸ்டைல், எச்சரிக்கைக்கு ஒரு ஸ்டைல், உடல் உரைக்கு ஒன்று. மொத்தம் ஏழு ஸ்டைலில் அந்தக் கையேடு அடங்கியது. தலைப்பும் அதன் கீழுள்ள பாராவும் பிரியாமல் அடுத்த பக்கத்துக்குச் சேர்ந்தே போகும்படி வைத்தேன். வாடிக்கையாளர் எழுத்துருவை மாற்ற நினைத்தால் ஒரே இடத்தில் மாற்றலாம். எழுத்துரு என்றவுடன் இன்னொன்று: கோப்பு வேறொரு கணினிக்குப் போகும்போது அங்கே அந்த எழுத்துரு இல்லையென்றால் எல்லா வரியும் நகரும். ஆங்கிலத்தில் ஏரியலுக்கும் டைம்ஸ் நியூ ரோமனுக்கும் ஒரே எழுத்தகலம் கொண்ட லிபரேஷன் எழுத்துருக்களும், கலிப்ரிக்கு கார்லிட்டோவும் இருப்பதால் லிப்ரே ஆபிஸில் திறந்தாலும் வரி அவ்வளவாக நகராது. தமிழ் எழுத்துருவை நான் கோப்போடு பொதிந்தே அனுப்புகிறேன்.

கையால் கட்டிய அந்த 2 பக்கத்துக்கு வருகிறேன். பம்பின் பாகங்களைப் பிரித்துக் காட்டும் படமும், அதைச் சுற்றிக் கோடு இழுத்து எழுதிய பெயர்களும் அவற்றில் இருந்தன. எந்தக் கருவியிடமும் இதைக் கொடுத்து எதிர்பார்க்கக்கூடாது. நான் செய்தது எளிது. புதுப் பக்கத்தில் ஹெடரைத் திறந்து ஸ்கேன் படத்தை முழுப் பக்க அளவுக்கு வைத்து, உரைக்குப் பின்னால் என்று அமைத்து, மங்கலாக்கினேன். இப்போது பக்கத்தில் என்ன எழுதினாலும் அடியில் பழைய பக்கம் தாள்வழி தெரிவதுபோல் தெரியும். அதன்மேல் ஓரம், அட்டவணை, பெயர்கள் எல்லாவற்றையும் பொருத்தினேன். பாகப் படத்தை மட்டும் ஸ்கேனிலிருந்து வெட்டி, அதிலிருந்த ஆங்கிலப் பெயர்களை அழித்து வைத்து, பெயர்களுக்குப் பதில் 1 முதல் 14 வரை எண் போட்டு, கீழே அட்டவணையில் தமிழ்ப் பெயர் கொடுத்தேன். முடிந்ததும் ஹெடரிலிருந்த மங்கல் படத்தை நீக்கிவிட்டேன். இந்த முறையை இப்போது ஒரு பக்கச் சான்றிதழ்களுக்கும் பயன்படுத்துகிறேன். ஒரு பக்கம்தான் என்றால் மாற்றிய கோப்பைச் சுத்தம் செய்வதைவிட இது விரைவு.

மூலமே தமிழில் இருக்கும் ஸ்கேனைத் திருத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அடர்த்தி குறைந்தால் முதலில் போவது புள்ளி. ‘க்’ எல்லாம் ‘க’ ஆகும். ‘ர’வும் துணைக்காலும் மாறி மாறி வரும். ‘ஔ’ என்பது ‘ஒ’, ‘ள’ என்று இரண்டு எழுத்தாக உடையும். அதைத் தேடி மொத்தமாக மாற்றிவிடலாம் என்று நினைக்காதீர்கள், ‘ஒளி’, ‘ஒளிவு’ எல்லாம் சேர்ந்து கெட்டுவிடும், ஒவ்வொன்றாகப் பார்த்தே மாற்ற வேண்டும். பழைய அச்சில் ‘லை’, ‘னை’, ‘றா’ போன்றவை வேறு வடிவில் இருக்கும், அவற்றைத் தனியாகக் குறித்து வைத்துக்கொண்டு சரிபாருங்கள்.

கையேட்டை அனுப்பும் முன் 31 ஆம் பக்க உதிரி பாகப் பட்டியலில் ஒரு வரிசை கூட்டினேன், உத்தரவாதப் பக்கத்தில் மூன்று சொல் சேர்த்தேன், எழுத்தளவை ஒரு புள்ளி ஏற்றினேன். 46 பக்கம் 48 ஆயிற்று. ஒரு சொல்லும் மறையவில்லை, எந்தத் தலைப்பும் தன் அட்டவணையைப் பிரிந்து போகவில்லை. மாற்றங்களை எல்லாம் திருப்பிவிட்டு, சேமித்து, அனுப்பினேன்.